சரக்கு யார்டு வழியாக

டாக்டர் நான்கு காலில் தவழ்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப் தரையைக் கூட்டிக்கொண்டே கூடப் போனது.

"தலையைப் பாத்துக்குங்க டாக்டர், மேல ஆத்துப்பாலம்" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், கட்டின புருஷன் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற பேச்சா இது என்று உறைத்தது. ஆனால் டாக்டரின் தலைக்கு மேல் இருந்தது ஆற்றுப்பாலம்தான். அதை வேறு எப்படிச் சொல்வது?

வீட்டின் கூடத்தை ஒரு ஊர் அடைத்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பலகைகளின் மேல், மூன்று சுவரை ஒட்டி வயலும் குன்றும் ஏரியும். நாலாவது பக்கம், கூடத்துக்குக் குறுக்கே, ஊர்: ஸ்டேஷன், கடைத்தெரு, மணிக்கூண்டு, சரக்கு யார்டு, கடைசியில் பாலம். இத்தனையையும் சுற்றி ஒரு பொம்மை ரயில். நடுவில் மூன்று பேர் நிற்கிற அளவுக்கு ஒரு காலி இடம். அந்த நடுவில்தான் அவள் புருஷன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஸ்டேஷன் ரோட்டின் ஓரத்தில் கையை மடித்து வைத்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

காலையில் அவள் டீ கொண்டுவந்து இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிடாமல் அவர் என்றைக்கும் திரும்பினதில்லை என்பதால் மூன்று முறை வரைக்கும் கோபம்தான் வந்தது. நாலாவது முறை கூப்பிடும்போது குரல் மாறிவிட்டது. கையை நீட்டினாள். ஊர் ஒன்றரைக் கை அகலம். விரல் நுனி மணிக்கூண்டோடு நின்றது. குனிந்து பலகைக்கு அடியில் நுழையலாம் என்றால், அவள் முழங்கால் குனிவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. டீயைச் சரக்கு யார்டு ஓரத்தில் வைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தாள். அவன் முதலில் டாக்டரை அனுப்பிவைத்தான்.

உள்ளே டாக்டர் எழுந்து நின்று, கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இமையைத் தூக்கிப் பார்த்து, பிறகு எதையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"தூக்கத்துல போற மாதிரி போயிருக்கார்மா."

"அவர் எங்க தூங்கினார்? விடிஞ்சதுலேருந்து எதையோ இழைச்சுக்கிட்டு இருந்தார். சர்ரு சர்ருன்னு சத்தம், எனக்குத்தான் தூக்கம் போச்சு."

டாக்டர் தலையசைத்தார். அவர் கடைவாயில் இரண்டு பல், உட்கார்ந்திருந்தவர் செய்து கொடுத்தது.

பல் செட் செய்வதுதான் அவருக்குத் தொழில். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் கடையில் உட்கார்ந்து வாய் வாயாகச் செய்து அனுப்புவார். பொருந்தாத செட் என்று ஒன்று திரும்பி வந்தால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே மெல்லிய நீலத்தாள் ஒன்றை வைத்துக் கடிக்கவிட்டு இழுப்பார். தாள் வந்துவிட்டால் செட் சரியில்லை. வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் படித்த சாஸ்திரம்.

கடையை மூடி, வீட்டில் உட்கார்ந்த பிறகு ஆரம்பித்தது இந்த ஊர். பத்து வயதில் அவர் விட்டுவந்த ஊர். அவள் அதைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் மட்டும் போய்விட்டு வந்து, "அது வேற ஏதோ ஊர்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி மாட்டினார். அதற்கப்புறம் போகவில்லை. சுவரெல்லாம் பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர். கூரையெல்லாம் ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிளாஸ்டிக். ஓட்டு நிறம் என்று அவர் சாதித்தார். "ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்றாள் அவள். தண்டவாளத்தின் ஓரம் வரிசையாக நட்டிருந்த மைல்கற்கள், சோதனையில் தோற்றுப்போன கோரைப்பற்கள்.

கேட்பவர்களிடம் அவள் அதை "என் சக்களத்தி" என்று அறிமுகம் செய்வாள். சக்களத்திக்கு வாராவாரம் தூசி தட்டுவதும் அவள்தான். தட்டிக்கொண்டே குறை சொல்வாள். வாசலே வைக்காமல் வீடு கட்டுகிற ஊர் உலகத்திலேயே உங்கள் ஊர்தான் என்பாள். அவள் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாமே மொட்டைச் சுவர்.

"ஒரு தடவை உள்ள வந்து பாரேன்."

"எலி மாதிரி எல்லாம் என்னால நுழைய முடியாது. கதவு வைங்க, வரேன்."

அதற்குத்தான் ஆறு மாதமாக அந்தப் பாலத்தோடு மல்லுக்கட்டினார். பாலத்தை மட்டும் மேலே தூக்கித் திறக்கிற மாதிரி செய்தார். மழையில் பலகை ஊறிப்போய் இறுகிக்கொண்டது. இழைத்தார், திரும்பவும் இறுகிற்று. நேற்று சாப்பிடும்போதுகூட, "நாளைக்குப் பாரு, ராஜாத்தி மாதிரி நிமிர்ந்து நடந்து உள்ள வரப்போறே" என்றார். "ஆறு மாசமா இதே நாளைக்குதான்" என்று அவள் மோரை ஊற்றினாள்.

மகன் வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எதிர்வீட்டு லாரிக்காரரும், தெருக்கோடிக் கார்பெண்டரும் கூடவே வந்தார்கள். மகன் அப்பாவைப் பார்த்தான். பிறகு பாலத்தைப் பிடித்து மேலே தூக்கினான். அசையவில்லை. இன்னும் பலமாகத் தூக்கினான்.

"விடுடா. அது திறக்காது. பெத்தவருக்கே மசியல."

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்பெண்டரிடம் சொன்னான்: "இந்த இடத்துல வெட்டிடுங்க. மணிக்கூண்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல."

கார்பெண்டர் ரம்பத்தை எடுத்தார். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். கடைத்தெருவின் நட்ட நடு. வலது பக்கம் சைக்கிள் கடை, இடது பக்கம் மருந்துக்கடை.

"யாரும் கை வைக்கக் கூடாது."

அதைச் சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

"அம்மா, இப்ப அதுவா முக்கியம்? அப்பா அங்க உக்காந்திருக்கார். அது வெறும் பிளாஸ்டர்மா."

"அந்த பிளாஸ்டர்லதான்டா உன்னைப் படிக்க வச்சார்."

கார்பெண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "போன மாசம் நீங்கதானேம்மா, இதைப் பிரிச்சா எவ்வளவு பலகை தேறும்னு என்கிட்டக் கேட்டீங்க?"

"கேட்டேன். நான் கேக்கலாம் தம்பி. நீங்க வெட்டக் கூடாது."

லாரிக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பாரம் ஏற்றி இறக்கிய குடும்பம். நிதானமாக நோட்டம் விட்டார். "போர்வையில வச்சு, கீழ வழியா மெல்ல இழுத்துடலாம்க்கா."

"அவர் என்ன பீரோவா?"

உள்ளேயிருந்து டாக்டர் தொண்டையைச் செருமினார். "மேல தூக்கிக் கொடுத்துட்டா? நானும் உள்ளதான் இருக்கேன். எப்படியும் இன்னொரு தடவை தவழணும். கொஞ்சம் கழிச்சுத் தவழறேன்."

லாரிக்காரர் தவழ்ந்து உள்ளே போனார். மகனும் கார்பெண்டரும் இந்தப் பக்கம் நின்றார்கள். எங்கே கிட்டமோ அங்கே என்று மகன் ஸ்டேஷனுக்கு எதிரே கையை நீட்டினான்.

"அங்க வேண்டாம். சிக்னல் கம்பம் முதுகுல குத்தும்" என்றாள் அவள். "மணிக்கூண்டும் ஆகாது. தண்ணித் தொட்டி அதைவிட ஒசரம். சரக்கு யார்டு பக்கம் வாங்க. அங்க ஒண்ணுமே தலை தூக்காது."

நால்வரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. டீ டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். தண்டவாளத்தில் நின்ற மூன்று வேகன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவை மடியில் போட்டுக்கொண்டாள். எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்புகிற குழாயை மட்டும் திருகி உருவினாள். அது ஒட்டாமல் சொருகிவைத்தது என்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தூசி தட்டும்போது எத்தனையோ தடவை சாய்த்துவிட்டு, திரும்பச் சொருகியவள் அவள்.

"இப்ப தூக்குங்க. குடோன் கூரை மட்டும் இடிக்கும். அதை நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணு... ரெண்டு..." என்றார் லாரிக்காரர்.

அவர் ஊருக்கு மேலே எழுந்தார். தோளை மகன் வாங்கினான். இடுப்பைக் கார்பெண்டர் வாங்கினார். கூடத்து ட்யூப்லைட்டை மறைத்துக்கொண்டு அவர் மெல்ல நகர, நிழல் யார்டில் விழுந்து, கடைத்தெருவின் மேல் ஏறி, ஸ்டேஷன் வரைக்கும் பரவியது. நிழல் விழுந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாய் மஞ்சள் வெளிச்சம். தெருவிளக்குகள். காலையில் அவர் போட்டுவிட்ட விளக்குகள் இவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. பகல் வெளிச்சத்திலும் ட்யூப்லைட்டிலும் யார் கண்ணிலும் படவில்லை.

"லைட் எரியுதுக்கா" என்றார் லாரிக்காரர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"எரியட்டும். நீங்க காலைப் பாருங்க."

கடைசியாகக் கால் வந்தது. இடது குதிகால் குடோன் கூரையை நோக்கி இறங்கியது. அவள் ஊரின் மேல் கவிழ்ந்து, குதிகாலைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். கூரைக்கும் காலுக்கும் நடுவே அவள் கை. அன்றைக்கு அவரை அவள் தொட்டது அப்போதுதான். கையை எடுக்காமல் முன்னறைக் கட்டில் வரைக்கும் கூடவே நடந்தாள்.

கட்டிலில் கிடத்திய பிறகு பார்த்தால், சட்டையெல்லாம் மரத்தூள். "எத்தனை தடவை சொல்றது, தட்டிட்டு எழுந்திரிங்கன்னு" என்று பழக்கத்தில் திட்டிக்கொண்டே தட்டிவிட்டாள். மகன் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஊரில் ஒரு ஓடு பெயரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களால் முன்னறை நிறைந்தது. அழுதவர்களில் பாதிப் பேர் வாயில் இருந்தது அவர் கைவேலை. ஒருவருக்குக்கூட அழுகையில் செட் ஆடவில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்னைக் கொஞ்சம் கடிந்துகொண்டாள். பிறகு மறுபடியும் கவனித்தாள். கட்டிலருகே நின்றுவிட்டு ஒவ்வொருவராகக் கூடத்துப் பக்கம் நழுவினார்கள். அங்கே குரல் தாழ்ந்தது. சிரிப்புகூட ஒன்று கேட்டு, உடனே இருமலாக மாறியது.

அவர் கடைக்கு அடுத்த கடையில் வாட்ச் ரிப்பேர் செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இவ்வளவையும் அண்ணன் ஒரே ஆளா செஞ்சார்?"

"பின்ன? வாடகைக்கா எடுத்துட்டு வந்தோம்?"

"மணிக்கூண்டு கடிகாரம் ஓடுது அண்ணி!"

"ஓடும். ரெண்டு நிமிஷம் பிந்தி ஓடும். அந்த ஊர்ல அப்படித்தான் ஓடுமாம்" என்றாள் அவள். கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது.

சாயங்காலத்துக்குள் அவரைக் கொண்டுபோய், எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்தார்கள். முன்னறையில் மகன் பெஞ்சுகளை மடக்கிக்கொண்டிருந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் மடியிலிருந்த மூன்று வேகன்களையும் அப்போதுதான் உணர்ந்தாள். நாள் முழுக்க அவற்றோடேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

கூடத்துக்கு வந்து வேகன்களைத் தண்டவாளத்தில் நிறுத்தினாள். தண்ணீர்க் குழாயைச் சொருகினாள். விளக்குகளை அணைக்கிற சுவிட்ச் உள்பக்கம் இருந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று பாலத்தின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்தாள்.

பாலம் உள்ளே போனது.

தூக்குகிற பாலம் இல்லை அது இப்போது. கீல் பக்கவாட்டுக்கு மாறியிருந்தது. சத்தமே இல்லாமல், வீட்டுக் கதவு மாதிரி உள்பக்கமாகத் திறந்துகொண்டது. தரையில் சுருள் சுருளாக மரச்சீவல். காலையில் மகனும் இதைத் தூக்கித்தான் பார்த்தான். தள்ளிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவள் உட்பட.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள்.

நடுவில் நின்று திரும்பிப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் வாசல் இருந்தது. படி, கதவு, ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி. சைக்கிள் கடையில் ஒரு சக்கரம் தொங்கியது. மருந்துக்கடையில் பாட்டில்கள். ஊர் மொத்தமும் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமும் அவள் தூசி தட்டியது அதன் முதுகை.

"அம்மா? எங்க இருக்கே?" மகன் கூடத்துக்குள் வந்தான். அவள் நடுவில் நிற்பதைப் பார்த்துப் பதறி, தவழ்வதற்காகத் தரையில் கையை ஊன்றினான்.

"குனியாதடா. நேரா வா. கதவு இருக்கு."

அவன் எழுந்தான். பாலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நடந்து உள்ளே வந்தான்.

பலகையின் ஓரத்தில் அவருடைய நீலத்தாள் பெட்டி திறந்து கிடந்தது. அவள் ஒரு தாளை எடுத்து, பாலமும் ஊரும் சேர்கிற இடத்தில் வைத்து, பாலத்தைச் சாத்தினாள். தாளின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். தாள் கிழிந்தது. வரவில்லை.