தொங்குதட்டும் வெள்ளிக்கிழமையும்

சகல கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அறியத்தருவது: 1974 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு, சிட்னிக்குத் தெற்கே ஓர் ஆற்று முகத்துவாரத்தின் தலைவிதி எழுதப்படவிருந்தது. அங்கே வரவேண்டிய பாலத்தின் திட்டம் இது: இரு கரையிலும் இரும்புக் கோபுரம், உச்சியில் நீண்ட உத்தரம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் தட்டு. காரும் மனிதரும் தட்டிலேறி அக்கரை போகலாம். கப்பலுக்கும் வழி உண்டு.

அப்படியொரு பாலத்தைக் கண்ணால் கண்டவர் திட்டம் போட்ட அலுவலகத்திலேயே கதிர்காமநாதன் ஒருவர்தான். வேல்ஸில் அதற்கு எண்ணெய் போட்டவர். இங்கே தற்காலிகப் படவரைஞர். திட்டம் நிறைவேறினால் நிரந்தர இஞ்சினியர். நிரந்தரமானால் பருத்தித்துறையில் இருக்கும் மனைவி விமலாதேவியைக் கூப்பிடலாம். இரட்டைக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டார். விமலாதேவி கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நல்ல நேரம் பார்த்து உள்ளே போங்கோ.

வெள்ளியில் ராகுகாலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. திட்டத்தை வந்து விளக்கச் சொல்லி, முடிவெடுக்கும் குழு இரண்டு தரம் ஆளனுப்பியது. இரண்டு தரமும் வயிற்றுக்குத்து என்று சாட்டுச் சொல்லி நடைவழியிலேயே இருந்தார். பன்னிரண்டு அடித்ததும் வலது காலை வைத்து உள்ளே போனார். தலைவர் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். பலத்த காற்றில் தட்டு என்னாகும் என்று கேட்டார்களாம்; பதில் சொல்ல ஆளில்லையாம்; கொங்கிறீட் பாலமே போதும் என்று முடித்துவிட்டார்களாம்.

மாலையில், மெரிலேண்ட்ஸ் வீட்டுக் குசினியில், கூட இருக்கும் மகேந்திரராஜா தேத்தண்ணியை நீட்டினார்.

"எத்தினை மணிக்கண்ணை உள்ளுக்குப் போனனீங்கள்?"

"பன்ரெண்டு அடிச்சாப் பிறகு. ராகுகாலம் கழியட்டும் எண்டு இருந்தனான்."

"அட கடவுளே! போன மாசம் கோடைகாலத்துக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்களெல்லோ? பதினொண்டுக்குப் போயிருந்தா நல்ல நேரம். நீங்கள் கால் வைச்சது நடு ராகுவிலை!"

"முந்தியே சொல்லியிருக்கலாமே, ராசா."

"நீங்கள் பாலம் கட்டுற ஆள். நான் கோழி உரிக்கிறவன். உங்களுக்கு நான் நேரம் சொல்லுறதோ?"

ஊரோடு சேர்ந்து கதிர்காமநாதனும் மணிக்கூட்டைத் தள்ளி வைத்தவர்தான். ராகுவைத் தள்ளி வைக்க மறந்துவிட்டார்.

தேத்தண்ணி ஆறியது. எழுந்து போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார். விமலாதேவிக்கு என்னவென்று சொல்வது? காற்றில் தட்டு என்னாகும் என்று மட்டும் அவருக்குத் தெரியும்: கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. கேட்க ஆளில்லை.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகையோடு, தற்காலிக வேலையும் போயிற்று.

விமலாதேவி வரவில்லை.