ஒரு மூடி போதும்

மச்சினன் தன் ஆயில் பாட்டிலை என் கவுன்டர் மேல் வைக்கும்போது, முதலில் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மடித்துப் போட்டு, அதன் மேல்தான் வைத்தான். உன் கவுன்டர் அழுக்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மரம் அறுக்கிற செயின்சா பழுதுபார்க்கிற கடையில் கவுன்டர் அழுக்காகத்தான் இருக்கும். பளபளவென்று இருந்தால் அந்தக் கடைக்காரனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். பாட்டில் நல்ல நீலம். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: புகை இல்லை, கரி இல்லை, லிட்டருக்கு ஒரு மூடி போதும்.

நான் விற்கிற ஆயிலுக்கு அதே மூடியில் இரண்டரை வேண்டும். செயின்சாவில் இருக்கிற டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் புகுந்து, இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என் மனைவியுடையது. அவள் ஒரு நாள் ஊருக்குப் போனால் போதும், எனக்கும் அவள் தம்பிக்கும் நடுவில் பொறி பறக்கும்.

"என்ன மாப்ள, இதுல ஆயிலும் இருக்கா, இல்ல வெறும் சாயம்தானா?" என்றேன்.

"உங்களுக்குப் புரியாது மாமா. இது லேப்ல டெஸ்ட் பண்ணது."

"எந்த லேப்? ரத்தம் எடுப்பாங்களே, அங்கயா?"

கடையில் அவனுக்கு நான் வைத்த பெயர் விஞ்ஞானி. இதற்கு முன்பு தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்றான். அதற்கும் முன்பு முடி வளர்க்கும் தைலம் விற்றான், தலையில் தொப்பி போட்டுக்கொண்டு. இப்போது ஆயில் ஏஜென்சி. அட்டைப்பெட்டிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருந்தன. ராத்திரி முழுக்க எதிரியின் சரக்குக்கு மேல் படுத்துத் தூங்குகிறவன் எப்படித் தூங்குவானோ அப்படித்தான் நானும் தூங்கினேன். பெட்டிகளை எடுக்கச் சொன்னால், "அண்ணன் தம்பின்னு எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்" என்பாள் மனைவி. அந்த ஒருத்தனே போதும் என்று நான் சொல்வதில்லை. கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பேசுவது அவள். நான் பின்பக்கம் ஸ்பேனரோடு இருப்பவன்.

பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னது மேஸ்திரி. சாலையோர மரங்களை வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் அவர். அவர் பையன்கள் கையில் இருக்கும் மிஷின்களில் என் பெஞ்சில் படுத்து எழாதது ஒன்றும் இல்லை. பாதி அறுத்த மரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு இன்ஜின் நின்றால், மரம் அடுத்த மிஷின் வரும்வரை பொறுத்திருக்காது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சாயும். வேறொரு குழுவில் அப்படிச் சாய்ந்த மரத்துக்கு அடியிலிருந்து ஒருவனை எடுத்தார்கள். இப்போது அவன் வீட்டு வாசலில் நாற்காலியில் இருக்கிறான், அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்தும் மேஸ்திரிக்கு 'ஒரு மூடி' என்ற வார்த்தை காதில் தேனாக விழுந்திருந்தது.

"உங்க மாமன் மச்சான் பஞ்சாயத்து எனக்கு வேணாம். என் கண்ணு முன்னால ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது தாங்குதோ, சீசன் முழுக்க என் பசங்க அதைத்தான் ஊத்துவானுங்க."

"தாங்குச்சுன்னா நம்ம கவுன்டர்லயும் அதுதான் நிக்கும்," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

கடைக்குப் பின்னால் காலி இடத்தில் ஒரு பெரிய கட்டையைக் கிடத்தினோம். மேஸ்திரியின் ஆட்கள் இரண்டு பேர், தோளில் மரம் ஏறும் கயிற்றோடு, வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். வாடகைக்கு விடுகிற என் மிஷின்களில் ஒரே மாதிரி இரண்டை எடுத்தேன். ஒன்றின் சிலிண்டரை நானே புதிதாகப் போட்டிருந்தேன். குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று அந்த நல்லதையே அவனுக்குக் கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, தோற்றபின் மிஷின் சரியில்லை என்பான், அந்த வாயை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்றுதான். இரண்டுக்கும் புது பிளக் போட்டேன். என் பெட்ரோலை நான் கலந்தேன், அவன் பெட்ரோலை அவன் கலந்தான். அந்த நேரத்தில் நான் குனிந்து செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நிமிர்ந்திருக்க வேண்டிய நேரம் பார்த்துக் குனிவது எனக்குப் பழக்கம்.

மேஸ்திரியின் ஆட்கள் ஆளுக்கொரு மிஷினை எடுத்து அறுத்தார்கள். முழு வேகத்தில், தொட்டி காலியாகும்வரை, பின் மறுபடி நிரப்பி. துண்டுகள் விழுந்தன. மரத்தூள் எல்லோர் புருவத்திலும் படிந்தது. மச்சினனின் மிஷின் முக்கவில்லை, திக்கவில்லை. லேசாகப் புகை வந்தது. நான் அதைக் கையால் காட்டினேன்.

"அது உங்க மிஷின்ல ஒட்டியிருந்த பழைய கரி மாமா. எங்க ஆயிலு அதைச் சுத்தம் பண்ணுது," என்றான். பொய்யை இவ்வளவு வேகமாகத் தயாரிக்கிற இன்ஜின் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

ஆறியதும் சைலன்சர்களைக் கழற்றினேன். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டுத் தெரியும். ஆயில் போதாவிட்டால் அங்கே நகத்தால் கீறியது போலக் கோடு கோடாக விழுந்திருக்கும். என்னுடையதில் கோடு இல்லை. அவனுடையதிலும் இல்லை. டார்ச்சைத் திருப்பித் திருப்பி அடித்தேன். ஒரு கோடாவது இருந்துவிடாதா என்று ஒரு மெக்கானிக் ஏங்கியது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். மேஸ்திரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தானே பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"தாங்குதே," என்றார்.

"மாமா இனிமே கவுன்டரைத் துடைச்சு வையுங்க," என்றான் மச்சினன். "பாட்டில் வரிசையா நிக்கணும்ல."

நான் டார்ச்சை அணைத்தேன். மேஸ்திரி கை கொடுக்க அவனை நோக்கி நகர்ந்தார். அப்போதுதான் பின்வாசல் படியில் நின்றிருந்த மனைவி இறங்கி வந்தாள்.

"டேய். அப்பா கடையில யாருக்காவது அளவுக்கு மேல ஒரு சொட்டு ஊத்தியிருக்கோமா?"

"எதுக்குக்கா இப்ப அது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

என் மாமனார் மண்ணெண்ணெய் விற்றவர். அளவுக் குவளைக்குள் கட்டைவிரலை விட்டுத்தான் ஊற்றுவார். விரல் அளவுக்கு எண்ணெய் கடையிலேயே நிற்கும். அந்த வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் இதைப் பழகினார்கள்.

"இல்ல," என்றான்.

"இன்னைக்கு நீ மூடியில விரலை விடல. வழிய வழிய நிரப்பி ஒண்ணு ஊத்தினே. அப்புறம் இன்னொண்ணு. மூடி போடுறப்ப கை தவறின மாதிரி இன்னும் கொஞ்சம். நான் படியில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். நம்ம வீட்டு ஆளு தாராளமா ஊத்தினா எனக்குச் சந்தேகம் வருதுடா."

"கூட ஊத்தினா மிஷினுக்கு நல்லதுதானேக்கா?"

"பாட்டில்ல அப்படியா போட்டிருக்கு?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது. "பாத்தியா, நான் அப்பவே..." என்று தொடங்கினேன்.

"நீங்க பேசாதீங்க," என்றாள். "உங்களுக்காகச் சொல்லல." அவள் பார்வை ஒரு கணம் கயிறு போட்ட அந்த இரண்டு தோள்கள் மேல் போய்விட்டு வந்தது.

அவன் மிஷினுக்குச் சைலன்சரை மாட்டச் சொன்னாள். மாட்டினேன். தொட்டியில் மிச்சம் இருந்ததை மண்ணில் கொட்டச் செய்தாள். கேனில் புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் பிடித்து, நீலப் பாட்டிலைத் திறந்து, மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓரத்தோடு ஓரமாக நிரப்பினாள். ஒரு மூடி. குலுக்கித் தொட்டியில் ஊற்றினாள். மேஸ்திரியின் ஆள் ஒருவன் மிஷினை எடுக்கக் கை நீட்டினான்.

"நீ வை தம்பி. இவன் ஓட்டட்டும்."

"அக்கா, அது மாமாவோட மிஷினு," என்றான் மச்சினன். அவனைத் தெரிந்த காலத்திலிருந்து என் பொருளுக்கு அவன் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கும் அந்த ஞாபகம் அப்போதுதான் வந்தது. என் மிஷின். என் கையால் போட்ட சிலிண்டர். வேண்டாம் என்று சொன்னால் போதும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அவனும் பிழைத்துப்போவான்.

"ஓட்டட்டும்," என்றேன். சொந்தப் பல்லைப் பிடுங்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அவன் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. குனிந்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான். ஏற்கெனவே சூடு கண்ட மிஷின், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கட்டையில் வைத்து முழுதாக அழுத்தினான், வீம்பாக, நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டைக்குள் இருப்பது போல. புகை வரவில்லை. பாட்டிலில் போட்டிருந்தது அந்தமட்டில் நிஜம். துளிப் புகை இல்லை. முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அவன் முகத்தில் பழைய சிரிப்பு மெல்ல ஏறி வந்தது. "போதுமாக்கா?" என்று அந்த இரைச்சலில் கத்தினான். அவள் தலையை ஆட்டவில்லை.

மூன்றாவது வெட்டு பாதிக் கட்டை இறங்கியிருந்தபோது சத்தம் மாறியது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரம் வற்றிய தொண்டையிலிருந்து வருவது போல, ஒரு வறட்டுக் கீச்சு சத்தத்துக்குள் நுழைந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. சத்தம் ஒருமுறை இறங்கி, மறுபடி எழும்பி, மறுபடி இறங்கியது.

மேஸ்திரியும் அவர் ஆட்கள் இருவரும், ஒருவர் சொல்லி ஒருவர் கேட்காமல், சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். மூன்று பேரும் மிஷினைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து, கண்ணைச் சுருக்கி, மேலே பார்த்தார்கள். அங்கே ஒரு மரமும் இல்லை, வெறும் வெயில்தான் இருந்தது.