தப்பிய பெண்ணின் கதை

பதின்பருவத்தினருக்கான வாசிப்பு வட்டத்தில், அடுத்த வாரம் என்ன கதை வேண்டும் என்று நூலகர் ஒவ்வொருவராய்க் கேட்டு வந்தார்.

"பேய்க்கதை குடுங்கக்கா. ஆனா அந்தப் பேய் என்னைப் படிக்கச் சொல்லக்கூடாது," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தனர்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டைவிட்டுத் தப்பிச்ச பொண்ணு கதை இருக்காக்கா?"

"எதுக்கும்மா?"

"அவ எங்க போனான்னு தெரிஞ்சுக்கணும்."

அப்போது வாசலில் ஒரு குரல் கனிவாய்க் கேட்டது. "முடிஞ்சுதா செல்லம்? சித்தப்பா வந்திருக்கேன்."

வேடனின் காலடி கேட்ட மான்போல் அவள் உடல் ஒடுங்கியது. அதைக் கண்ட நூலகர் எழுந்துபோய், "இன்னும் முடியலைங்க," என்று கண்ணாடிக் கதவைத் தாழிட்டார்.

"பரவாயில்லம்மா, நீங்க மெதுவா முடிங்க," என்றார் சித்தப்பா. பிறகு, புன்னகை மாறாமல், அந்த ஒரே வாசலின் படியில் அமர்ந்துகொண்டார்.