ஏழாம் கோடு

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவளுக்கு வீட்டிலும் 'மைக்கு' என்றுதான் பெயர். மரபணு வழி வந்த நுரையீரல் நோய் பிறந்ததிலிருந்தே அவளை விடவில்லை. போன வருடம் ஒரு வண்டியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது. விடுப்பில் அனுப்பிவிட்டார்கள்.

மூச்சுத் தசைகளுக்குப் பலம் ஏற ஆஸ்பத்திரியில் கையடக்கமாக ஒரு கருவி கொடுத்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் வைத்து இழுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங், திருகை முறுக்க முறுக்க இழுப்பது கடினம். காலையில் முப்பது, மாலையில் முப்பது. எட்டாவது வாரம் பரிசோதனை. தேறினால் மறுபடி மைக் முன்னால் உட்காரலாம்.

திருகு ஏழாம் கோட்டில் இருந்தது. ஆறாவது வாரம் திடீரென்று இழுப்பது லேசாகிவிட்டது. நேற்றுவரை மல்லுக்கட்டிய கருவி! அன்று மாலை சமையலறையில் எட்டிப் பார்த்தாள். அண்ணி அந்தத் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். சற்றுக் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தபோது, இவளைக் கண்டதும் கருவியைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அண்ணியின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு அர்த்தம் தோன்றியது. மைக்கு வேலைக்குப் போய்விட்டால் பள்ளி விட்டு வரும் அண்ணி மகன் வாலுவுக்குப் பாடம் சொல்ல யார் இருக்கிறார்கள்? திருகு என்னவோ ஏழாம் கோட்டில்தான் நின்றது. ஸ்பிரிங்கையே கெடுத்திருந்தால் கோடு என்ன சொல்லும்? யாரிடமும் வாய் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

பரிசோதனைக்கு அண்ணிதான் கூட வந்தாள். பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் மைக்கு கொட்டித் தீர்த்தாள்.

"இவங்க திருகைத் தளர்த்துறாங்க. நானே பார்த்தேன். ஸ்பிரிங்கு செத்துப்போச்சு."

டாக்டரம்மா கருவியை அளவுமானியில் பொருத்தினாள். முள் ஏழுக்கு நேராக நின்றது.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. லேசா ஆனது உங்க தசைக்குப் பலம் ஏறினதால. அப்பவே சொல்லியிருந்தா அளவைக் கூட்டியிருப்பேனே." வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்களுக்குக் கிருமி ஆகவே ஆகாது. தினமும் கழுவியிருக்கீங்க, பளபளன்னு இருக்கு."

மைக்குவுக்குச் சுருக்கென்றது. எட்டு வாரத்தில் ஒரு நாள்கூட அவள் அதைக் கழுவியதில்லை.

"தளர்த்திட்டுத்தான் கழுவணும்னு தாள்ல போட்டிருந்துச்சு," என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி. "துடைச்சு, திரும்ப ஏழுல வச்சிடுவேன். உனக்குச் சொன்னா, 'நான் என்ன குழந்தையா'ன்னு சண்டைக்கு வருவே."

"துண்டுல ஏன் அண்ணி மறைச்சீங்க?"

"மறைச்சேனா? ஈரத்தை ஒத்தினேன்டி, லூசு!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சின் பலத்தை அளந்தாள். முதல் நாள் அளவைவிட நன்றாகவே கூடியிருந்தது. வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தாள். மைக்குவுக்கோ அந்தத் தாளை வாங்கக் கை எழவில்லை. முதலில் அண்ணியின் கையைப் பிடித்தாள். கேட்காமலே நமக்கு உதவக் கடவுள் யாரோ ஒருவரின் கையை ஈரமாக்கி வைக்கிறார். நாம்தான் அந்த ஈரத்தைச் சந்தேகப்படுகிறோம்.

மாலை முப்பதும் முடிந்தது. தொட்டியடியில் அண்ணி கை நீட்டினாள்.

"கொடுங்க அண்ணி, இனிமே நான் கழுவறேன்."

"கழுவு தாயே. ஆனா பழக்கத்துல ஏழுல கொண்டுபோய் நிறுத்தாத. டாக்டரம்மா ஒன்பதுன்னு சொல்லியிருக்காங்க."