சின்னவள் உறைந்து நிற்கிறாள்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வயிற்றெரிச்சல். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

என் தங்கை கடல் தாண்டி இருக்கிறாள். அம்மா என்னோடு இருக்கிறாள். மாலையானால் அம்மா முகம் கழுவி, தலை வாரி, போனைச் சொம்பில் சாய்த்துவைத்துக்கொண்டு சின்னவளின் வீடியோ காலுக்குக் காத்திருப்பாள். எனக்காக அவள் தலை வாரி நான் பார்த்ததில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்த வீட்டில் இணையம் மெதுவாகத்தான் வந்தது, அன்பைப் போல." எனக்கே கூச்சமாகிவிட்டது. அடித்தேன். அடுத்தது: "மூத்தவள் பொறுமைசாலி. அவள் ஒருநாளும்..." இதை முடிக்கவில்லை. ஒரு பொய்யை எவ்வளவு தூரம்தான் இழுப்பது?

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

2

கொஞ்ச நாளாகவே நெட் படுத்தியது. சின்னவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவாள். குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். அம்மா போனைத் தட்டுவாள், உதறுவாள், ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

"ஏன்டி, இவ மூஞ்சி அப்படியே நிக்குது. வந்து பாரேன்."

"நிக்கட்டும்மா. எங்கயும் போயிட மாட்டா."

"ஏதோ சொல்லிட்டிருந்தா, பாதியில போச்சு."

"என்ன சொல்லிட்டிருந்தா?"

"அதான் போச்சுங்கறேனே!"

(இங்கே ஒரு தயக்கம். உறைந்த அந்த முகத்தைப் பார்த்ததும் மூத்தவளுக்குள் ஒரு குளுமை பரவியது என்று எழுதலாமா? உங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடும். ஆனால் பரவியது.)

3

அவளை வில்லியாக்கியும் பார்த்தேன். "ரவுட்டர் சுவிட்சில் அவள் விரல் வைத்தாள். உள்ளறையில் அம்மா சிரிக்கும் சத்தம்..." கதை ஜோராக ஓடியிருக்கும். நான் செய்ததோ, கஸ்டமர் கேருக்கு போன் போட்டது. வெகுநேரம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஒரு பெண் பேசினாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தாச்சு, சுவத்து சுவிட்சுலயே. அப்படியேதான் இருக்கு."

"சரி, லேப்டாப்ல நேரா கேபிள் சொருகி ஸ்பீடு பாருங்க."

கேபிளோடு ஹாலுக்குப் போனால், டிவி மேலே இருந்த ரவுட்டரைக் காணோம். வயரைப் பிடித்துக்கொண்டே தேடினேன். வயர் எட்டுகிற மட்டும் உள்ளே தள்ளி, இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அதைச் சுற்றிப் பூப்போட்ட ஸ்கார்ஃப் ஒன்று. தொட்டால் சுட்டது.

"தூசி படியுதுன்னு நான்தான் மூடிவெச்சேன்," என்றாள் அம்மா பெருமையாக. "அது கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சா, அதான் பின்னாடி தள்ளிட்டேன்."

அந்த ஸ்கார்ஃப் சின்னவள் அனுப்பியது. கட்டினால் வீணாகிவிடும் என்று அம்மா எடுத்துவைத்திருந்தது.* இது என் கற்பனையாக இருந்தால், ரொம்ப ஓவர் என்று நானே வெட்டியிருப்பேன்.

* நான் வாங்கிக்கொடுத்த சால்வையை அம்மா தினமும் போர்த்துகிறாள். ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. கிழித்ததற்குச் சண்டை வேறு போட்டிருக்கிறேன்.

கேபிளில் வேகம் முழுசாக வந்தது. "அப்போ லைன் சரியா இருக்கு மேடம். இரும்பு மறைக்காம, காத்தோட்டமா, உசரத்துல வைங்க. வெச்சிட்டு வேற ரூம்லேர்ந்து அவங்க போனுக்கு ஒரு வீடியோ கால் பண்ணிப் பாருங்க."

4

ரவுட்டரைத் திறந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரே வீட்டுக்குள் முதல் கால்.

"யாரும்மா நீங்க?" என்றாள் திரையில். "பின்னாடி அடுப்பெல்லாம் பளபளன்னு இருக்கு."

"விளையாடாதம்மா. நிக்காம வருதா?"

"வருது, வருது. கண்ணுக்குக் கீழ என்ன இவ்ளோ கருப்பு? எப்போலேர்ந்து?"

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பெரியவ ஒருத்தி இருக்கா. ரெண்டு வார்த்தை பேசலாம்னா நின்னாத்தானே? வர்றா, மாத்திரைய வெக்கிறா, போறா. உக்காருடின்னா முறைக்கிறா. நீயாவது கொஞ்சம் உக்காந்து பேசு."

மூத்தவளுக்குக் கோபம் வந்தது என்று எழுதினேன். அழுகை வந்தது என்று மாற்றினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

"என்ன பேசணும்?"

"சின்னவ என்ன பேசறான்னு நெனச்ச? பஸ்ல யாரோ அவ கால மிதிச்சுட்டாங்களாம். அதையே அரைமணி நேரம் சொன்னா."

"என் காலையும்தான் மிதிச்சாங்க."

"ஐயய்யோ, எந்தக் காலு?"

வலது கால் என்றேன். காட்டச் சொன்னாள். காமிராவைத் திருப்பிக் காட்டினேன். வீங்கியிருக்கு என்றாள். வீங்கவேயில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது, சுகமாக.

5

அப்போதுதான் அம்மாவின் கண் திரையின் மேல்பக்கம் போனது.

"சின்னவ கூப்பிடுறா," என்றாள்.

படம் துல்லியமாக இருந்தது. நெட்டின் மேல் பழி போட வழியில்லை.

மூன்று முடிவுகள் எழுதினேன். அம்மா என்னை வெட்டிவிட்டு அவளை எடுக்கிறாள்: இதற்காகவா ரவுட்டரை மேலே தூக்கிவைத்தேன்? அம்மா அவளை வெட்டுகிறாள்: எழுதும்போது எனக்கு இனித்த இனிப்பைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. இருவரையும் சேர்த்துப் பேசவைக்கிறாள்: அம்மாவுக்கு அது எப்படி என்று தெரியாது, எனக்குத் தெரியும், நான் சொல்லித்தருவதாக இல்லை.

அம்மாவின் கட்டைவிரல் திரையை நோக்கி வந்தது. வர வரப் பெரிதாகி, காமிராவை மறைத்து, அவள் முகத்தையே முழுசாக மூடிவிட்டது.

அந்த விரல் எதை அழுத்தியது என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் இருவரில் ஒருத்திக்காக நீங்கள் பாவப்படுவீர்கள். அது சின்னவளாக இருந்துவிட்டால், அதையும் என்னால் தாங்க முடியாது.