ஹால்வார்ட் எண்ணெய் விட்ட கதவு

1.

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், இதில் வருகிற ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான். மொழிப்பற்று, இலக்கியத் தாகம் என்று ஏதாவது நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதை எங்கேயாவது கொட்ட வேண்டும். ஆறாம் பகுதியில் கொட்டுகிறேன். நேரே அங்கே தாவுகிறவர்கள் தாவலாம், ஆனால் ஹால்வார்ட் யார் என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சாம்பல் நிறக் கடலின் மேல் தனிமையாக ஒரு

இல்லை. நோர்வே என்றதும் கடலையும் தனிமையையும் இழுத்து வராத கதை ஒன்றாவது இருக்கட்டும். இரண்டாவது முயற்சி:

கதவு கத்தியது.

நல்ல தொடக்கம்தான். என்ன செய்வது, கதை நடந்த அன்று கதவு கத்தவில்லை. அது கத்தாமல் போனதுதான் முழுச் சிக்கலும்.

2.

ஹால்வார்டுக்கு எழுபத்தொரு வயது. எங்கள் ஊரான ஸ்கார்வோயின் மீன் ஆலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவர். நான் அதே ஆலையில் மீன் வெட்டினேன். ஆலை மூடிப் பதினாறு வருடமாகிறது. இப்போது வருடத்தில் மூன்று நாள் அங்கே இசை விழா நடக்கும்.

என்ன இசை என்று கேட்காதீர்கள். முன்கூட்டி ஒன்றும் தீர்மானிக்காமல் மேடை ஏறி, அந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்வார்கள். பலூனைத் தேய்ப்பார்கள். சாக்ஸபோனை ஊதாமல் அதன் மூடிகளை மட்டும் தட்டுவார்கள். இதைக் கேட்க எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஊர்க்காரர் நாங்கள் சம்பளமில்லாமல் அவர்கள் உட்காரக் கதிரை அடுக்குகிறோம், வாஃபிள் சுடுகிறோம், கோப்பி ஊற்றுகிறோம். இங்கே ஊர்வேலை என்றால் அப்படித்தான். பழுதைக் கண்டவர் திருத்த வேண்டும். திருத்தியதை வாய்விட்டுச் சொன்னால் அது தம்பட்டம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் கனமான மேசை ஒன்றைத் தரையில் இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது நிமிடம் எங்கள் ஊர்த் தபால்காரர் எழுந்து போய் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தார். ஜெர்மன்காரர் அழுதுவிட்டார் என்று சொல்கிறார்கள். சந்தோஷத்திலா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஹால்வார்டின் மகள் ஓஸ்னேயும் இந்த இனம்தான். நாற்பத்திரண்டு வயது, ஒஸ்லோவில் இருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவளுடைய முதல் கச்சேரிக்கு அப்பா போனார். அவள் ஓர் இரும்புத் தகட்டை வில்லால் தேய்த்தாள். முடிந்ததும் எல்லோரும் அவளைச் சுற்றி நிற்கையில் ஹால்வார்ட் கேட்டார்: “இது வாசிப்போ, இல்லாட்டிப் பழுதோ?”

பகிடிக்குக் கேட்கவில்லை. இயந்திரக்காரர் அல்லவா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவரை எந்தக் கச்சேரிக்கும் அவள் கூப்பிடவில்லை. தொலைபேசியில் பனி, கார் டயர், தக்காளிக் கன்று. பத்தொன்பது வருடம் இதையே கதைத்தார்கள். சென்ற மாதம் தபாலில் ஒரு நுழைவுச்சீட்டு வந்தது. ஓஸ்னே முதல் தடவையாகச் சொந்த ஊரில் வாசிக்கப் போகிறாள், சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு. ஹால்வார்ட் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தார். பால் அதிகமாகவே குடித்தார்.

3.

வெள்ளிக்கிழமை ஹால்வார்டுக்குக் கதிரை அடுக்குகிற முறை. கடற்பக்கத்தில் பெரிய இரும்புக் கதவு ஒன்று உண்டு, தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடுவது. கதிரை கொண்டு வந்தவர்கள் அதைத் தள்ளியபோது அது வீரிட்டது. ஆலை ஓடிய நாளிலும் கத்திய கதவுதான், இப்போது அதன்மேல் பதினாறு வருடத் துரு.

ஹால்வார்ட் கதிரையை வைத்துவிட்டுக் கதவடிக்குப் போனார். நாளைக்கு மகள் வாசிக்கிற நேரம் எவனாவது பிந்தி வந்து இதைத் திறந்தால் என்ன ஆகும்? அவளுடைய கச்சேரி கெட்டுவிடும். அவர் *ஒருவரிடம்* எண்ணெய்க் குப்பி இரவல் வாங்கினார். [அந்த ஒருவர் யார் என்று இப்போது கேட்காதீர்கள்.] மண்டியிட்டுத் தண்டவாளத்துக்கும் அதில் உருளுகிற சில்லுகளுக்கும் எண்ணெய் விட்டார். இருபது, முப்பது தடவை தள்ளி இழுத்துப் பார்த்தார். கதவு பூனைபோல் நடந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்தொன்பது வருடத்தில் மகளுக்காக அவர் செய்ய முடிந்த முதல் காரியம் இது. அன்று இரவு நன்றாக உறங்கினாராம்.

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஆள் அளவுக்கு மீறி நல்லவராகத் தெரிகிறார். ஒரு கெட்ட குணம் வைக்கலாமா என்று யோசித்தேன். கற்பனையே தேவைப்படவில்லை. சீட்டு விளையாட்டில் கள்ளம் செய்வார். எழுதிக்கொள்ளுங்கள்.]

4.

சனிக்கிழமை காலை பத்து மணி. விழாவை நடத்துகிற யோருன் அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“உன்ர மகள் என்ன வாசிக்கப் போறாளெண்டு தெரியுமோ? அந்தக் கடற்பக்கக் கதவைத்தான். வேற ஒண்டுமில்லை.”

ஹால்வார்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

யோருன் நிறுத்தவில்லை. போன மாதம் வந்து கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓஸ்னே அதைத் தேர்ந்தாளாம். சின்ன வயதில் மேட்டு வீட்டில் இருக்கும்போது, நாலு மணிக்கு அந்தக் கதவு கத்தினால் அப்பா வேலை முடிந்து புறப்பட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரியுமாம். உடனே சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடுவாளாம்.

அவர் கோப்பியைக் குடிக்காமலே எழுந்தார். மகள் என்ன நினைப்பாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அப்பா இந்த முறையும் பழுதென்றுதான் நினைத்தார், இந்த முறை கேட்கவுமில்லை, நேரே திருத்திவிட்டார்.

பச்சைச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் கொண்டு ஓடினார். தேய்த்துக் கழுவினார். கடல்மணலை அள்ளித் தண்டவாளத்தில் தூவினார். கதவு முன்னைவிட அழகாக ஓடியது. ஆயுள் முழுக்கத் திருத்திய மனுஷன், கெடுக்கப் பழகவில்லை.

‘சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே’ என்பீர்கள். ஓஸ்னே கச்சேரிக்கு முன் பின்னறையில் தனியே இருப்பாள். அந்த வாசல்வரை போனார். தட்டக் கையைத் தூக்கி, இறக்கினார். ஏன் தட்டவில்லை என்று ஒரு முழுப் பக்கம் எழுதி வெட்டிவிட்டேன். பயம், அவ்வளவுதான்.

5.

நூறு பேர். மூன்று மைக். ஓஸ்னே வந்து கதவின் பிடியில் கை வைத்தாள். தள்ளினாள்.

ஒன்றுமில்லை.

இழுத்தாள். ஒன்றுமில்லை. மைக்குகள் கடற்பறவைகளையும், வெளியே வாஃபிள் அச்சு மூடுகிற சத்தத்தையும், யாரோ ஒருவரின் வயிற்று இரைச்சலையும் பெரிதாக்கிக் கொடுத்தன. ஒஸ்லோவிலிருந்து வந்த விமர்சகர் கண்ணை மூடிப் பரவசப்பட்டு, “துணிச்சலான மௌனம்” என்று குறித்துக்கொண்டார். ஓஸ்னே குனிந்து தண்டவாளத்தை விரலால் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கழுவியும் போகாத எண்ணெய், இருபது வருடம் அப்பாவின் கையில் மணந்த மணம். நிமிர்ந்து, அப்பா இருந்த மூன்றாம் வரிசையைப் பார்த்தாள்.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) ஹால்வார்ட் எழுந்து, தலை குனிந்து வெளியேறுகிறார். பரிசு வாங்கக்கூடிய முடிவு. ஆனால் அவருக்கு முழங்கால் வலி, இருந்தது வரிசையின் நடுவில். அவர் வெளியேற எட்டுப் பேர் எழும்ப வேண்டும்.

(ஆ) ஓஸ்னே ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறாள். ஸ்கார்வோயில் நூறு பேர் முன்னால் கலியாணத்தில்கூட ஒருவரும் கட்டிப்பிடிப்பதில்லை.

(இ) நடந்தது.

ஹால்வார்ட் எழுந்து நின்றார்.

“நான்தான் எண்ணெய் விட்டனான், ஓஸ்னே. உனக்கு இடைஞ்சலா இருக்குமெண்டு நினைச்சன். பழுதெண்டு நினைச்சுச் செய்யேல்லை.”

அவளுடைய கை இன்னும் கதவுப் பிடியில்.

“தள்ளு,” என்றார்.

தள்ளினாள். ஹால்வார்ட் வாயைத் திறந்து கதவுபோலக் கத்தினார்.

அடித்தொண்டையில் தொடங்கி, தண்டவாளத்தின் மூன்றாவது பொருத்தில் சில்லு இடறுகிற இடத்தில் தானும் இடறி, கடைசியில் மெல்லிசாக நீண்டு போய் முடித்தார். முப்பத்தொரு வருடம் தினமும் கேட்ட சத்தம், ஒரு நெளிவும் தப்பவில்லை. நான் வெளியே வாஃபிள் சுட்டுக்கொண்டு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எண்ணெய் காய்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.*

உள்ளே கதவு தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. பிறகு ஓஸ்னே சொன்னாள்:

“இன்னொருக்கா, அப்பா. நீங்க நிப்பாட்டாதேங்கோ.”**

ஒலிப்பதிவில் எண்ணிப் பார்த்தேன். பதினாலு தடவை கத்தினார். கடைசி நாலு தடவையும் தொண்டை கட்டி, அசல் கதவைவிட மோசமாக இருந்தது.

* ஆகவே ஐந்தாம் பகுதியை நான் கண்ணால் காணவில்லை. ஒலிப்பதிவும் யோருனும் சொன்னதை வைத்து எழுதியது. விமர்சகரின் குறிப்பை யோருன் எட்டிப் பார்த்தாள்.

 ** இந்த நாட்டில் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்பார்கள், பெற்ற அப்பாவையும். எனக்குக் கை வரவில்லை, மாற்றிவிட்டேன்.

6.

எண்ணெய்க் குப்பி என்னுடையது.

அது மட்டும் என்றால் ஆறாம் பகுதி வேண்டியதில்லை. வியாழக்கிழமை இருநூறு நிகழ்ச்சித் தாள்களை மடித்து வைத்தது நான்தான். அதில் அச்சிட்டிருந்தது: ‘ஓஸ்னே. கதவு.’ வெள்ளிக்கிழமை ஹால்வார்ட் வந்து, “கடற்பக்கக் கதவு கத்துது, எண்ணெய் வச்சிருக்கிறியோ?” என்றார். எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

முன்பு கதை எழுதிக்கொண்டிருந்து, நாலு வருடமாக ஒரு வரி எழுதாதவள் நான். அந்த நிமிடத்தில் ஒரு கதை என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றது. குப்பியை எடுத்துக் கொடுத்தேன். மேல் சில்லுக்கும் மறக்காமல் விடு என்று வேறு சொன்னேன்.

நல்லபடி முடிந்தது என் புண்ணியத்தால் அல்ல. (அ) நடந்திருக்கலாம். அப்பாவும் மகளும் சாகும்வரை பேசாமல் போயிருக்கலாம். அப்போதும் எனக்குக் கதை கிடைத்திருக்கும், இதைவிட நல்ல கதையாகக்கூட. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

7.

இன்று அடுத்த ஞாயிறு, விழா முடிந்து ஒரு வாரம். ஓஸ்னே ஒரு வாரம் கூடுதலாக ஊரில் தங்கிவிட்டாள். அப்பாவும் மகளும் மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நான் எழுதுகிறேன் என்று யோருன் உளறிவிட்டாள். கதையை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். ஒன்றிலிருந்து ஐந்துவரை வாசித்துவிட்டு, எழுதுகிற இந்தக் கொப்பியை மூடினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. உங்களைத் தவிர.

வந்துவிட்டார்கள். என் வீட்டு வாசற்படலை பல வருடமாகக் கத்துகிறது, நான் கவனித்ததே இல்லை. ஹால்வார்ட் அதைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிறார். ஓஸ்னே அவருடைய கையைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறாள். அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

“எண்ணெய் வச்சிருக்கிறியோ? இல்லாட்டி, இது நீ வேணுமெண்டு செய்ததோ?”

குப்பி மேசையில், இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்ன சொல்லட்டும்? கெதியாகச் சொல்லுங்கள், அவர் பதிலுக்காகப் படலையடியில் நிற்கிறார்.