லிஃப்ட் வரைக்கும்

நிமோனியா காய்ச்சல் இறங்கி நான்கு நாள் ஆகியும் வெர்லின் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐம்பத்தாறு வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதர், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நான் எது கேட்டாலும் "ம்" என்றார்.

வியாழக்கிழமை டாக்டர் முடிவு சொல்வார். வாக்கரைப் பிடித்து நடந்தால் வீடு. இல்லையென்றால் நாற்பது மைல் தள்ளியிருக்கும் பராமரிப்பு இல்லம். மினசோட்டாவின் ஜனவரிப் பனியில், என் கண்பார்வையை வைத்துக்கொண்டு, அந்த நாற்பது மைலும் என்னால் தினமும் கார் ஓட்ட முடியாது. அவர் அங்கே, நான் இங்கே என்றுதான் ஆகும்.

தப்பில் பாதி என்னுடையது. எழுப்ப வந்தவர்களை, "பாவம், தூங்கட்டும்" என்று இரண்டு முறை நானே திருப்பி அனுப்பினேன். போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திவிட்டேன். அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

மீதிப் பாதி அவருடையது. முதல் நாள் தனியாக எழப் பார்த்தபோது கட்டிலின் எச்சரிக்கை மணி அலறி, மூன்று நர்ஸ்கள் ஓடிவந்திருக்கிறார்கள். கூசிப்போய்விட்டார். பிறரைத் தொந்தரவு செய்வதை விடப் பெரிய பாவம் எங்கள் ஊரில் கிடையாது. அதன் பிறகு, தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவர் அழைப்பு மணியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை ஹோதன் வந்தாள். வயதான நோயாளிகளை எழுப்பி நடக்க வைப்பதுதான் அவள் வேலை. குழந்தையாகச் சோமாலியாவிலிருந்து வந்து எங்கள் ஊரிலேயே படித்து வளர்ந்தவள்.

"வெர்லின், அஞ்சு நிமிஷம் நாற்காலியில உட்காரலாமா?"

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? பக்கத்து ரூம்ல யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இருக்காங்க. அவர் வாய் ஓயவே ஓயாது. அதான் முதல்ல உங்ககிட்ட ஓடி வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. ஹோதன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"வீட்ல இவர் எதுக்குக் கண்டிப்பா எழுந்திருப்பாரு? காபிக்கா? டிவியில ஹாக்கி வந்தாலா?"

யோசித்தேன். "யாராவது கிளம்பினா எழுந்திருப்பாரு."

அதுதான் உண்மை. விருந்தாளி "சரி, வரோம்" என்றால் சோபாவிலிருந்து எழுவார். சமையலறையில் நின்று கால் மணி நேரம், கதவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம், அப்புறம் கார் ஜன்னலில் சாய்ந்து இன்னொரு கதை.

"என் தங்கச்சி புருஷன் ஒரு தடவை காருக்குள்ளேயே தூங்கிட்டாரு."

ஹோதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பாவும் இதே கேஸ்தான். சரி, நீங்க இப்பக் கிளம்புங்க."

"வந்து அரை மணிகூட ஆகலையே!"

"கோட்டை மாட்டுங்கம்மா."

மாட்டினேன். "வெர்லின், நான் கிளம்பறேன்."

அவர் சுவரிலிருந்து திரும்பினார்.

"என்ன வெர்லின், வந்தவங்க கிளம்பறாங்க. படுத்துக்கிட்டே டாட்டா காட்டப் போறீங்களா?" என்றாள் ஹோதன்.

"அவ என் பொண்டாட்டி. விருந்தாளி இல்ல."

"அப்ப விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதைகூடப் பொண்டாட்டிக்குக் கிடையாதா?"

வெர்லின் போர்வையை விலக்கினார். பிறகு, "அந்த இடுப்பு பெல்ட்டை எடு," என்றார்.

முகம் வெளுக்க எழுந்து நின்றார். விழாமலிருக்க இடுப்பில் கட்டிய பெல்ட்டை ஹோதன் பிடித்துக்கொள்ள, நான்கு எட்டு வைத்து நாற்காலியில் சரிந்தார். "ரோடு வழுக்கும் ஆர்லிஸ். மெதுவாப் போ." இத்தனை நாளில் அவர் என்னிடம் முழுதாகப் பேசியது அதுதான். காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியெல்லாம் ஆவி படியும் வரை அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நான் மூன்று முறை கிளம்பினேன். கடைசி முறை அறைக் கதவு வரை வந்துவிட்டார்.

"ஒரு இடத்துல நிலையா இருக்க மாட்டேங்கறா," என்று ஹோதனிடம் குறை சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியாமப் போச்சு."

குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்! எனக்குக் கட்டிப்பிடித்து முத்தமிட வேண்டும் போலிருந்தது. புதன்கிழமை நான் கோட்டை எடுத்ததும், அவரே அழைப்பு மணியை அழுத்தினார். "யாராச்சும் வாங்க. என் வீட்டுக்காரி கிளம்பறா."

வியாழக்கிழமை டாக்டர் பின்னால் நின்று பார்க்க, என்னை வழியனுப்ப வெர்லின் லிஃப்ட் வரைக்கும் நடந்தார். லிஃப்ட் வந்தது, போனது, மறுபடி வந்தது. வெர்லின் வாக்கரில் சாய்ந்துகொண்டு, வாசல் பனியை யார் தள்ளுகிறார்கள், குருவிகளுக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எப்ப முடிப்பாரு?" என்றார் டாக்டர் மெதுவாக.

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு," என்றாள் ஹோதன்.

டாக்டர் சிரித்துக்கொண்டே, "இவரை நாளைக்கு வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க," என்றார்.

எங்கள் ஊரில் நன்றியை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வோம். எனக்கு அது போதவில்லை. ஹோதனைக் கட்டிக்கொண்டு, அவள் தோளை நனைத்தேன்.

"நான் என்னம்மா செஞ்சேன்? நீங்கதானே கிளம்பிக்கிட்டே இருந்தீங்க?" என்றாள்.

நான் அவளை விடவில்லை. வெர்லின் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே காத்திருந்தார், தன் காலில் நின்றபடி.